இன்டர்கூலர் ஒழுகிய அரை மணி

பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனத்தை யாரும் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. சொந்தக்காரர் ஓட்ட விடவும் கூடாது. வீட்டில் செய்த வண்டிக்கும் இதே விதிதான். பரிசோதனைக்குக் கொண்டுபோகத் தற்காலிகப் பதிவு என்று ஒரு வழி உண்டு, அதற்குத் தனிப் படிவம் உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தப் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பத்து வயதில் எனக்கு விதியின் முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

சித்தப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கம்ப்ரசர் ஃபிட்டர். எங்கள் ஊர், கீழப்பழுவூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சித்தியின் முதல் பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில் மாட்டு வண்டியிலேயே நடந்தது. குழந்தை தங்கவில்லை. சித்தி மறுபடி உண்டானதும் சித்தப்பா ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தை எடுத்து வந்து கொல்லையில் போட்டார். கார்த்திகையில் சித்திக்கு நாள். அதற்குள் அது வண்டியாகிவிட வேண்டும்.

எஞ்சினுக்கு எங்கள் கிணற்று மேட்டு டீசல் எஞ்சினையே கழற்றினார். ஆவணியில் ஒருநாள் களத்தில் முதல் ஓட்டம். மூன்று சுற்று முடிவதற்குள் எஞ்சின் ஆவி கக்கி நின்றுவிட்டது. சித்தப்பா இறங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கிணத்த விட்டுட்டு வந்துட்டோம்டி!"

உண்மைதான். அந்த எஞ்சின் தன் ஆயுள் முழுக்கத் தான் இறைத்த தண்ணீரிலேயே குளித்துக்கொண்டிருந்தது. பொருத்தும்போது வீட்டில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

சுரங்கத்துக் கம்ப்ரசர் காற்றை இரண்டு தடவை அழுத்தும். முதல் அழுத்தத்தில் கொதிக்கும் காற்றை இரண்டாவதற்கு முன் ஆற வைக்க நடுவில் ஒரு பெட்டி இருக்கும். வரிசையாகக் குழாய்கள், குழாய்களைச் சுற்றித் தகடுகள். அதுதான் இன்டர்கூலர். கழித்துப் போட்ட ஒன்றைச் சித்தப்பா முறைப்படி எழுதிக் கேட்டு, வெளியே எடுத்துவர வாசல் சீட்டும் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். காற்று போன குழாய்களில் தண்ணீரை விடுவது என்பது அவர் கணக்கு. வண்டியின் முகப்பில் படுக்கை வாக்கில் அதை போல்ட் போட்டு முடுக்கி, பம்புசெட் ஹோஸை இரண்டு முனையிலும் மாட்டினார். மறுபடியும் கொதித்தது.

சித்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து பார்த்தாள். "ஏங்க, சோறு கொதிச்சா மேலதானே பொங்குது? நீங்க குழாயப் படுக்கப் போட்டா சுடுதண்ணி எங்க ஏறும்?"

"நீ ஃபிட்டர் வேலைக்குப் போ. நான் சோறாக்குறேன்."

"ஆக்குவீங்க. அதுலயும் போல்ட்டுதான் கெடக்கும்."

நிமிர்த்தி வைத்து, எஞ்சினைவிட உயரத்தில் ஒரு தண்ணீர் டின்னையும் கட்டியதும் சுடுநீர் தானாக மேலே ஏறி, ஆறி, கீழே இறங்கியது. களத்தில் முப்பது சுற்று. சித்தப்பா இன்டர்கூலரின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதே கையால் என் கன்னத்தைத் தொட்டார். சூடு இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பதிவுக்கான மனுவை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அப்பாவின் பழைய மனு நகல்களைப் பார்த்து எழுதியதில் ஒரு வரி மட்டும் என் சொந்தச் சரக்கு: 'தங்கள் உத்தரவு கிடைக்கும்வரை வண்டியைச் சாலையில் எடுக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' சித்தப்பா கீழே கையெழுத்துப் போட்டார். மனு திருச்சி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனது. ஐப்பசி போனது. பதில் இல்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் சித்திக்கு வலி கண்டது. பெண்கள் உள்ளே இருந்தார்கள். சித்தப்பா எஞ்சினைச் சுற்றிவிடக் கைப்பிடியை எடுத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"உத்தரவு வரலியே சித்தப்பா. கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வழியில புடிச்சா ஜெயில்ல போட்டுருவாங்க. அப்பறம் சித்திய யாரு கூட்டிட்டுப் போவா?"

அவர் கைப்பிடியோடு நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, சுரங்கத்து ஜீப்பைக் கேட்டு வருவதாகச் சொல்லி சைக்கிளில் பறந்தார். ஜீப் வேறெங்கோ போயிருந்தது. அரை மணியில் வேர்த்து வழியத் திரும்பி வந்து, நேரே எஞ்சினைச் சுற்றினார்.

அரியலூர் வரை வண்டி ஒரு முறைகூடக் கொதிக்கவில்லை. ஒரு போலீஸ்காரரும் நிறுத்தவில்லை.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். "கொடி சுத்தியிருந்துச்சுப்பா. தாய்க்கு ஒண்ணும் இல்ல. ஒரு அரை மணி முன்னால வந்திருக்கக் கூடாதா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சித்தப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

"இன்டர்கூலர் ஒழுகிருச்சுங்கம்மா. அடைச்சிட்டுக் கெளம்ப அரை மணி ஆயிருச்சு. என் தப்புதாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெரியவர்கள் பொய் சொல்லக் கூடாது. அதுவும் தானே உருவாக்கிய அவ்வளவு நல்ல சாமானின் மேல் பழி போடுவார்களா? சித்தியிடமும் அதையேதான் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர்களிடமும் சொன்னார். "ஃபிட்டராம் ஃபிட்டரு" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

கொல்லையில் வண்டி தார்ப்பாயின் கீழ் கிடந்தது. தை பிறந்து, ஒருநாள் காலை சித்தி முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"அந்தப் பாழாப்போன பொட்டி மட்டும் அன்னிக்கு ஒழுகாம இருந்திருந்தா..."

"அது ஒழுகவே இல்ல சித்தி," என்றேன்.

சித்தியின் கை நின்றது. பக்கத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. "பாப்பா, தபால்காரரு வராரான்னு வாசல்ல போய்ப் பாரு," என்றார்.

சொல்லவேண்டியதைச் சொல்ல விடாமல் விரட்டுகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன். தபால்காரர் வந்துகொண்டுதான் இருந்தார். பழுப்பு உறை, திருச்சி முத்திரை. உள்ளே மூன்று வரி: உரிய படிவத்தில் மனுச் செய்யவில்லை என்பதால் மனு திருப்பி அனுப்பப்படுகிறது. கூடவே நான் எழுதிய தாள், அப்படியே.

அன்று கெட்ட நாள்கூட இல்லை, கரிநாளுக்கு மறுநாள்.