புளி காய்ந்த மாடி

அதுவரை தூறலோடு போன மழை ஐப்பசியில் கொட்டியது. செலவு குறையட்டுமென்று, போன மாதம்தான் மொட்டை மாடிக்கு ஓடு பதிக்காமல் கொத்தனாரை விட்டு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்திருந்தோம். அப்படியும் கூரையில் ஈரம் பரவி, ஃபேன் வழியாகச் சொட்டியது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். கணவர் கொத்தனாருக்குப் போன் போட்டார். "இன்னாத்தய்யா பூசின? வூடே ஒழுவுது!"

திட்டினால் மழை நிற்குமா? நான் மாடிக்கு ஓடினேன். கணுக்கால் மூழ்கத் தண்ணீர் நின்றது. வடிகால் குழாயில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. சுவரோரமாகக் கையை விட்டுத் துழாவினேன். குழாய்க்குள் ஆழமாக ஒரு கோணிச்சாக்கு. பங்குனியில் புளி காயவைத்தபோது, கொட்டை உள்ளே போகாமலிருக்கக் கணவர்தான் அடைத்தார். காலை ஊன்றி இழுத்தேன். தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது.

கீழே அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கை அவர் முன்னால் வீசினேன். புளியங்கொட்டைகள் சிதறின. அவர் குரல் இறங்கியது.

"சரிப்பா, அப்புறம் பேசறேன்..."

"வைக்காதீங்க," என்றேன். "யாரு தப்புன்னு, திட்டின அதே சத்தத்துல சொல்லிட்டு வைங்க."