காளியன் வண்டி எஞ்சின்

ரேடியேட்டர் ஒழுகுதுடா, கவனி என்று எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன்! முனிராஜ் கேட்டானா? தண்ணீரை ஊற்றி ஊற்றியே பிக்கப்பை ஓட்டினான். கடைசியில், தக்காளி லோடோடு சேலம் போகிற வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. காரிமங்கலத்தில் இருக்கும் என் மெக்கானிக் கடைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள்.

அந்தப் பழைய மாடலுக்கு இப்போது எஞ்சின் வருவதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் என்று பழைய வண்டி உடைக்கிற இடமெல்லாம் அலைந்தோம். கிடைத்ததெல்லாம் விரிசல் விட்டவை. செடியில் பழுத்த தக்காளி இவனுக்காகக் காத்திருக்குமா? தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டிக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களும், "இந்த வாரத்துக்குள்ள வண்டி வரலன்னா தப்பா நெனச்சுக்காத முனிராஜு" என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை விட்டால் வேறு பிழைப்பு தெரியாதவன். என் கடை வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"நான் எங்கண்ணா போவேன்?"

"ஒண்ணு இருக்குடா. தொப்பூர் எறக்கத்துல கவுந்துச்சே, கடத்தூர் காளியன் வண்டி. இதே மாடலுதான். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல."

"அய்யோ, சாவு வண்டியா! எம் பொண்டாட்டி மேனகா என்ன வூட்டுக்குள்ளயே வுடமாட்டாண்ணா."

ஆள் செத்த வண்டியின் ஒரு போல்ட்டைக்கூட எங்கள் பக்கத்து டிரைவர்கள் தொடமாட்டார்கள். ஆனாலும் மறுநாள் அவனே வந்து, "வாண்ணா, போலாம்" என்றான். வேறு கதியில்லை.

காளியனின் மனைவி பானுமதி, வேலியோரம் கிடந்த வண்டியின் தார்ப்பாயை விலக்கினாள். நான் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தேன், லகுவாகச் சுற்றியது. முனிராஜ் கிட்டேயே வரவில்லை.

"வாங்கண்ணா, ஏன் பயப்படறீங்க? அவர் சாவுக்கு எஞ்சின் என்னாங்க பண்ணும்? டீசல் மிச்சமாவும்னு எறக்கத்துல எஞ்சின அணைச்சுட்டாரு. எஞ்சின் நின்னதும் பிரேக்கு கல்லாட்டம் ஆயிடுச்சு, மிதிச்சும் புடிக்கல. சாவி ஆஃப்லதான் இருந்துச்சுன்னு போலீஸ்காரரே சொன்னாரு. இது ஓடிக்கிட்டு இருந்திருந்தா அவர வூடு கொண்டாந்து சேத்திருக்கும்ணா."

முனிராஜின் முகம் செத்துவிட்டது. இறக்கத்தில் எஞ்சினை அணைத்து இறங்குவதில் இவன்தான் பெரிய கில்லாடி. ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் தொப்பூரைத் தாண்டினேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அந்த எஞ்சினையே வாங்கி மாட்டி, அந்த வாரமே லோடு ஏற்றினோம். நானும் கூடப் போனேன். தொப்பூர் இறக்கம் தொடங்கியதும் பழக்கதோஷம், அவன் கை தானாகச் சாவிக்குப் போனது. நெருப்பைத் தொட்டவன் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ஓடட்டும்ணா" என்றான். "ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

இறக்கம் முடிகிறவரை அழுதுகொண்டேதான் ஓட்டினான்.