கண்ணாக்காட்டில் கட்டிய சாப்பாட்டுப் பெட்டி

இரவில் காட்டு மிருகங்களைப் படமெடுப்பவன் காட்டுக்குள் கண்விழித்துக் கிடப்பான் என்று ஊர் நினைக்கிறது. பெட்டியைக் கட்டிவிட்டு வந்து வீட்டில் தூக்கம் வராமல் கிடப்பதுதான் இந்த வேலை என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். மருதமுனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பழைய சிசிடிவி கமரா, ஆள் நடந்தால் எரியும் விளக்கின் சென்சர், இரண்டையும் அடைத்து மரத்தில் கட்ட மகளின் சாப்பாட்டுப் பெட்டி, இவ்வளவுதான் என் கருவி.

ஆசையும் ஒன்றுதான். வயலோரத்தில், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாக்காட்டில் ஒரு மீன்பிடிப் பூனை இருக்கிறது. ஒருதரம் மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் குறுக்கே ஓடியது. முகம் தெரியவில்லை. அதைப் பார்க்காமல் மனம் ஆறாது என்று அன்றே ஆகிவிட்டது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் காணிக்காரர் அந்த இடத்தை மண் போட்டு நிரப்பப்போகிறார் என்றார்கள். எனக்கு இருந்தது மூன்று மாதம்.

வெள்ளிக்கிழமை வாசம்

வெள்ளிக்கிழமைதான் கடை பூட்டு. ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு போய் பற்றரி மாற்றுவேன். ஐந்து வாரமாக ஓர் எலிகூட வரவில்லை. சென்சரை மாற்றினேன், வயரை மாற்றினேன், விதியை நொந்தேன். திருத்துவதற்குக் கொண்டுவந்த பெட்டியை மனைவி ஸரீனா மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். பெட்டி, கயிறு எல்லாம் நான் பள்ளிவாசலுக்குப் பூசிப்போன அத்தர் வாசம்.

"இஞ்சேருங்க, பூனையப் பாக்கப் போறத்துக்கு அத்தர் என்னத்துக்கு, அது என்ன கலியாண ஊடா?"

முன்னும் பின்னும்

பெட்டியைச் சேற்றில் தேய்த்துக் கட்டினேன். கீரி வந்தது, முள்ளம்பன்றி வந்தது, ஓர் எருமை கண்ணாடியை நக்கிவிட்டுப் போனது. பூனை மட்டும் இல்லை. பக்கத்து வயலில் காவல் இருக்கும் பெரியநீலாவணைக்காரர் தம்பிப்பிள்ளை அண்ணனிடம் மனம் விட்டுச் சொன்னேன். அவர் அதைக் கிழமைக்கு இரண்டுதரம் பார்க்கிறாராம். எனக்கு வயிறு எரிந்தது.

"தம்பி, நேத்து ராவும் உங்கட பெட்டிக்குப் பின்னால இருந்துதான் மீன் திண்டிச்சி. முன்னுக்கு வா எண்டு நான் அதோட கதைக்க ஏலுமா?"

பதினொரு வினாடி

பெட்டியைத் திருப்பிக் கட்டினேன். பெருநாளுக்கு முந்திய வாரம் அது வந்தேவிட்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தது. காது ஒன்று அசைந்தது. திரும்பப்போகிறது என்ற இடத்தில், பதினோராவது வினாடியில், பற்றரி செத்தது. கடைக்குள் தனியே இருந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

போனை எடுத்துக்கொண்டு காணிக்கார ஹாஜியாரிடம் ஓடினேன், ஒரு மாதத் தவணை கேட்க. படத்தை இரண்டுதரம் போட்டுப் பார்த்தார். அவர் மகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவர் போனைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.

"வடிவான சீவன்தான், மனே. ஆனா எனக்கிட்ட இரிக்கிற காணி இது ஒண்டுதானே."

எத்தனைதரம் போட்டாலும் அது திரும்பாது என்று தெரிந்தும், பதினோராவது வினாடியில் முகம் தெரியுமா என்று போனைச் சற்றுச் சரித்துப் பார்க்கிற ஆட்கள்தான் நாம்.