கறுப்புத் துணியின் உள்பக்கம்

கணவன் தலைமேல் போர்த்திக்கொண்டு படம் எடுக்கும் பெட்டியின் கறுப்புத் துணியைத் துவைப்பது சரஸ்வதியம்மாளின் வேலை. சவுக்காரம் போட்டால் சாயம் போய்விடும். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரைத்த தண்ணீரில் துணியை முக்கி, கசக்காமல் அமுக்கி எடுப்பாள். வெளிப்பக்கம் கறுப்பு, உள்பக்கம் சிவப்பு. சிவப்பு அவளுடைய பழைய சேலை. நாலு வருஷத்துக்கு முன், ஒற்றைத் துணியில் வெளிச்சம் கசிகிறது என்று கணவன் குப்பண்ணன் சொன்னபோது அவளேதான் கிழித்து உள்ளே வைத்துத் தைத்தாள்.

பெருமாட்டிப் பக்கத்தில் கல்யாணம், தேர், காதுகுத்து எதுவானாலும் குப்பண்ணன்தான் படப்பெட்டி முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு வருவான். அசையாமல் நிற்பவர்கள் அவன் படத்தில் நன்றாக விழுவார்கள். இறந்தவர்கள் இன்னும் நன்றாக. எடுத்துப்போகும் முன் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்து வைப்பது பல வீடுகளில் வழக்கமாகியிருந்தது. அந்தப் படங்களில் மீசை முடியைக்கூட எண்ணலாம். ஓடுகிற எதுவும் புகையாகிவிடும். "குப்பண்ணன் புடிச்சா மாட்டுக்கு எட்டுக் காலு" என்று சந்தையில் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

சரஸ்வதியின் தம்பி சின்னமுத்து அந்தப் புகைகளில் ஒன்று. பந்தயத்தில் ரேக்ளா மாட்டுவண்டி ஓட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன் தைப் பந்தயத்தில், வாய்க்கால் ஓரத்தில் அவன் மாடுகள் திடீரென்று தடத்தைவிட்டு ஒடித்துத் திரும்பின. வண்டி கவிழ்ந்து அவன் அங்கேயே செத்தான். ஊரில் எல்லாச் சாவுக்கும் படம் எடுத்த குப்பண்ணன், மைத்துனனுக்கு மட்டும் "என்னால ஆகாது" என்று தென்னந்தோப்புக்குள் போய்விட்டான். துக்கம் என்றார்கள்.

ஆகவே மிஞ்சியது பந்தயத்தன்று தடத்தோரத்தில் நின்று குப்பண்ணன் எடுத்த அந்த ஒரே படம். கூடத்துச் சுவரில், சமையலறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தது. மரங்கள் தெளிவாக, வாய்க்கால் தெளிவாக, நடுவில் வெள்ளைப் புகை. நேராக வந்து கடைசியில் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் மாதிரி. தண்ணீர்க் குடத்தோடு அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவள் நடை கொஞ்சம் தடைப்படும்.

மாடு ஏன் ஒடித்தது என்று அவள் கேட்காத ஆள் இல்லை. ஒருவர் கடையாணி என்றார், ஒருவர் கண்ணேறு என்றார், ஒருவர் பாம்பையே பார்த்ததாகச் சொன்னார். கணவனையும் கேட்டாள்.

"நான் துணிக்குள்ள இருந்தேன் புள்ள. எனக்கெங்க தெரியும்?"

இந்த வருஷப் பந்தயத்துக்காக அவன் புதுப் பெட்டி வாங்குவதாக இருந்தான். கோயமுத்தூர்ப் படப்பெட்டிக் கடையின் விற்பனையாள் சுவக்கீன் சாமான்களோடு வந்து கூடத்தில் பரப்பினான். அவள் கொல்லைக் கதவருகே, கறுப்புத் துணி ஊறும் தொட்டியில் கை வைத்தபடியே பார்த்தாள்.

"இதுக்குத் துணியே வேண்டாமுங்க. மேல இந்தத் தோல் கூட்டுக்குள்ள குனிஞ்சு பாத்தாப் போதும். மாடு ஓட ஓடப் பாத்துட்டே விசைய அமுக்கலாம்."

பக்கத்தில் சாவி கொடுத்து ஓட்டும் சினிமாப் பெட்டி ஒன்றும் இருந்தது.

"அதுல எடுத்தா ஆளு நடக்குமுங்களா?" என்றாள் சரஸ்வதி.

"நடக்கும், ஓடும், சிரிக்கும் அக்கா."

"செத்தவங்க?"

"எடுத்த பொறவு செத்தா நடப்பாங்க" என்று சிரித்தவன், யாரும் சிரிக்காததைக் கண்டு லென்சுகளின் பக்கம் திரும்பினான்.

இரண்டு லென்சுகள். ஒன்று குட்டை, அகன்ற கண். மற்றது முழங்கை நீளம், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுவது. குப்பண்ணன் நீளமானதைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை.

"அது வேண்டாமுங்க குப்பண்ணே. பந்தயம் விடியக்காலம், பனி வேற. நீளக் கண்ணாடிக்கு வெளிச்சம் பத்தாது. பழையபடி புகைதான் வரும். குட்டையப் போட்டுட்டுத் தடத்துக்கிட்ட நின்னீங்கன்னா மாட்டு மூக்கணாங்கயிறுகூடத் தெரியும்."

"கிட்ட நிக்க மாட்டேன்."

"ஏனுங்க?"

"தோப்புக்குள்ள இருந்து எடுத்துக்கறேன். புகையா வந்தா வரட்டும்."

சுவக்கீனுக்கு எரிச்சல். நல்ல சரக்கை வீணாக்குகிறார்களே என்ற எரிச்சல். "அப்படின்னா பழைய பெட்டியே போதுமே! துணிக்குள்ள பாத்து, தலைய வெளிய எடுத்து, துணிய உதறித் தள்ளி, கண்ணாடித் தட்டைச் சொருகி, லென்சு மூடியக் கழட்டறதுக்குள்ள மாடு கோவிந்தாபுரம் போயிருக்கும். அந்தக் கூத்து வேண்டாம்னுதானுங்க இத்தனையும் தூக்கிட்டு வந்தேன்."

சரஸ்வதியின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

சுவக்கீன் மோர் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்லும்படி சாமான்களை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனான். அவள் தொட்டியிலிருந்து துணியை எடுத்தாள். பிழியவில்லை. சொட்டச் சொட்டக் கூடத்துக்கு வந்து, சுவரிலிருந்த படத்தின் முன்னால் நின்றாள். வாய்க்கால், மரங்கள், வளைந்த புகை. பிறகு துணியின் இரு முனைகளையும் பிடித்து, அவன் வழக்கமாகத் தலையிலிருந்து தள்ளுகிற மாதிரியே ஓர் உதறு உதறினாள். கறுப்பு மடங்கி உள்ளே போயிற்று. கூடம் முழுக்கச் சிவப்பு விரிந்து, படபடவென்று அடித்து அடங்கியது. சுவரிலும் தரையிலும் தண்ணீர் தெறித்தது.

குப்பண்ணன் ஓர் அடி பின்னால் போயிருந்தான்.

"ஏனுங்க, துணிக்குள்ள இருந்தேன்னு சொன்னீங்க. அப்பறம் இந்தப் படத்துக்கு மூடியக் கழட்டுனது யாருங்க?"

அவன் கையிலிருந்த லென்சைப் பார்த்தான்.

"நீங்க இந்தச் சிவப்ப உதறுனப்ப வண்டி எவ்வளவு கிட்ட வந்துது? அத மட்டும் சொல்லுங்க. நான் தெச்ச துணி. எனக்குத் தெரியோணும்."

அவன் லென்சை அதன் தோல் உறைக்குள் போட்டான். உறை வாரின் துளையில் கொக்கி ஊசி ஏறவில்லை. இரண்டு முறை முயன்றான். பிறகு அதை மேசைமேல் அப்படியே வைத்துவிட்டு, தரையில் பரவிய தண்ணீரை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, கொல்லைக் கதவு வழியாக வெளியே போனான்.