மேடையில் கழற்றி வைத்த காலணி

மல்லாபூரில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பளுதூக்கும் கூடம். மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். பயிற்சியாளர் செல்வி, இங்கேயே பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண், போனில் ஜப்பான் வீராங்கனை ஒருத்தியின் போட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசி முயற்சியிலும் பளு தலைக்கு மேல் நிற்காமல் விழுகிறது. அவள் குனிந்து அதைத் தடவிக் கொடுக்கிறாள். காலணிகளைக் கழற்றி மேடையிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு போகிறாள்.

“இனிமே தூக்க மாட்டேன்னு அர்த்தம் சார். நாடு நாடா போய் மெடல் வாங்கினவ.”

“இவங்களோட நீங்க மோதியிருக்கீங்களா?”

“ஹவ்,” என்று இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் சொல்கிறார். “ஒரே தடவ. அதுல என் தோள் போச்சு. அப்புறம் டீம்ல எடுக்கல.”

அவர் காலில் நூல் போட்டுத் தைத்த பழைய போட்டிக் காலணி.

“நீங்க இன்னும் கழட்டலையா?”

“மேடைக்குக் கூப்பிட்டாத்தானே சார், அங்க கழட்டி வைக்க முடியும்?”