ஹரிணிக்கு எதற்கு முகப்பரு மாத்திரை?

மருந்துக் கடை கவுண்ட்டரில் நிற்பவன் வேலை மாத்திரை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என்று நம்பிச் சேர்ந்தேன். அவ்வப்போது சட்டைக் காலரையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கும் சக கஷ்டக்காரர்களே, உங்களுக்கு இது புரியும்.

கல்யாணப் பெண்

அன்றைக்கு என் காலர் முருகேசன் அண்ணன் கையில் இருந்தது. எங்கள் தெருவில் பட்டுத் தறி நெய்பவர். அவர் மகள் ஹரிணிக்கு நாலு வயது. வயிற்றுக்குள் கட்டி வந்து, சென்னை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, நோய் திரும்பி வராமல் இருக்க ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் கொடுக்கணும், இரண்டு வாரம் விடணும். அவர் அதை அமாவாசைக்கு ஆரம்பிப்பார். அன்றைக்குத் தறிக்கு லீவு, அதனால் மறக்காது.

காலர் சிக்கியதற்குக் காரணம் செய்யார் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு அக்கா. கல்யாணத்துக்குள் முகப்பரு போகணும் என்று அதே கேப்ஸ்யூலைச் சீட்டு இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஃபார்மசிஸ்ட் கலா அக்கா, "பிளட் டெஸ்ட் எடுக்கணும், வயித்துல புள்ள தங்கினா ஆபத்து, டாக்டர் சீட்டு இல்லாம தரவே மாட்டேன்" என்று முடித்துவிட்டார். அப்போது பார்த்து முருகேசன் அண்ணன் வர, நான் ஹரிணியின் கேப்ஸ்யூல் அட்டையை எடுத்து வைத்தேன். கம்பெனி அக்கா அதைப் பார்த்துவிட்டார். "இத்தினியூண்டு கொழந்தைக்கு முகப்பரு மாத்திரை தர்றீங்க, எனக்குன்னா மட்டும் ரூல்ஸா?"

ஒரே மணி

"இத்தினி நாளா முகப்பரு மாத்திரையாடா குடுத்துகினு இருந்தீங்க?" என்றார் முருகேசன் அண்ணன். காலரை விடுவித்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஜீன் பாடம் நடந்தபோது கடைசி பெஞ்சில் தூங்கியவன் நான். பதினொன்றாவதோடு நின்றும்விட்டேன். ஆனால் ஹரிணிக்கு வந்ததும் போனில் தேடித் தேடிப் படித்திருந்தேன். நானும் தறிக்காரர் வீட்டுப் பையன்தானே, அந்த பாஷையிலேயே சொன்னேன்.

"உங்க ஜக்கார்டு பெட்டியில ஓட்டை போட்ட டிசைன் அட்டை ஓடுதில்ல, எந்த ஓட்டை திறந்திருக்கோ அந்த இழைதானே தூக்கும்? ஒடம்புல எல்லா செல்லுலயும் ஒரே ஜீனுங்கதான்ணா. எது திறந்திருக்கு, எது மூடியிருக்குன்றதுதான் கணக்கு. ஹரிணிக்கு நரம்பா வளர வேண்டிய செல்லு பாதியில நின்னுடுச்சி. 'பெருகு'ன்ற ஜீன் மூடவே இல்ல. இந்த மருந்து உள்ள போயி அதை மூடி, 'நரம்பா ஆவு'ன்ற ஜீனுங்களைத் திறக்கும். நரம்பா ஆயிட்டா அப்புறம் பெருகாது." அப்படியென்றால் முகப்பருவுக்கு ஏன் என்றார். "ஸ்கூல்ல ஒரே மணிதான்ணா. ஒரு கிளாஸுக்குக் கணக்கு, ஒரு கிளாஸுக்கு விளையாட்டு. தோலுக்குப் போனா எண்ணெய்ப் பசையைக் குறைக்கும், அவ்ளோதான்."

எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. முருகேசன் அண்ணன் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினவர், திரும்பிக் கேட்டார். "அட்டையை மாத்தினா இனிமே நெய்யறது சரியா வரும். ஏற்கெனவே தப்பா நெய்ஞ்சது இன்னாடா ஆவும்?"

நெய்ச் சோறு

கேப்ஸ்யூலை முழுங்க ஹரிணிக்குத் தெரியாது. அவள் அம்மா சுமதி அக்கா, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி அதை ஊசியால் குத்தி நெய்ச் சோற்றில் பிழிந்து ஊட்டுவார். ஒரு நாள் காலையில் தறியில் ஏற்றுவதற்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். ஆட்கள் வேலை செய்ய, ஹரிணி அந்தப் பட்டு இழைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தாள். கீமோவுக்குப் பிறகு முளைத்த முடி கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. நான் கடைக்குப் போகிற வழியில் மூக்கைச் சுருக்கிக் காட்டினேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "சிரிப்பு காட்டாதண்ணா, சிரிச்சா உதடு எரியுது."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னொரு தடவை காட்டினேன்.

வேப்பிலை

நாலைந்து நாளில் அவர்கள் வாசலில் வேப்பிலை தொங்கியது. குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்றார்கள். முகம் சிவந்து, கன்னம் உரிந்து, உதடு வெடித்து ரத்தம். அம்மன் வந்த வீட்டில் மருந்து கொடுக்க மாட்டார்கள். அம்மை இறங்கி மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் உள்ளே போகவும் கூடாது. கேப்ஸ்யூலைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கலா அக்கா விஷயத்தைக் கேட்டதும் பில் போடுவதை விட்டுவிட்டார். "அம்மையும் இல்ல ஒண்ணும் இல்லடா. அந்த மருந்துக்குத் தோல் காயும், உரியும், வெயில் ஆவாது" என்று முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டார். அவர், "அம்மா வந்திருக்கிற வீட்டுக்கு மருந்துக் கடையில இருந்து போன் போடாதீங்க" என்று வைத்துவிட்டார். கலா அக்கா என் பக்கம் திரும்பினார். "ஜீனு, அட்டை, மணின்னு அவ்ளோ பேசினியே, உதடு வெடிக்கும்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

ஸ்டாக்

அடுத்த அமாவாசை வந்தது. கலா அக்கா சாப்பிடப் போன நேரத்தில் முருகேசன் அண்ணன் வந்தார். இந்தத் தடவை காலரைத் தொடவில்லை, கையைப் பிடித்தார். "தம்பி, இன்னும் ஒரு தண்ணி ஊத்தணும். அதுக்குள்ள மருந்து குடுத்தா ஆத்தா கோவம் கொழந்தை மேல எறங்கும். என் வீட்டுக்காரி வந்து கேப்பா. ஸ்டாக் இல்லன்னு சொல்லிடு." கண்ணெல்லாம் தூக்கமே இல்லாத சிவப்பு. தலையாட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சுமதி அக்கா வந்தார். நான் கேப்ஸ்யூலை எடுக்கவில்லை. முதலில் உதடு வெடிக்கும் என்பதைச் சொன்னேன். வெயிலைச் சொன்னேன். உடனே ஆஸ்பத்திரிக்கு உங்க போன்லயே கேளுங்க என்றேன். கவுண்ட்டரிலேயே நின்று பேசினார். அது மருந்தால்தான் இருக்கும், குழந்தையை நாளைக்கே கூட்டி வாங்க, பார்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார்களாம். விட்டுப்போன நாட்களால் என்ன ஆகும் என்றும் கேட்டார். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார்களாம்.

அதற்கப்புறம்தான், ஸ்டாக் இல்லை என்று அண்ணன் சொல்லச் சொன்னதையும் சொல்லிவிட்டு, அட்டையை எடுத்து வைத்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். "அவரு கேட்டா, நீ ஸ்டாக் இல்லன்னுதான் சொன்னேன்னு சொல்லிடறேன். நீ பயப்படாத."

ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை, முருகேசன் அண்ணன் இப்போது வேறு கடைக்குப் போகிறார். நானோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய அன்றைக்கு ஊரளவு பேசிவிட்டு, ஸ்டாக் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்ன அன்றைக்கு அதையும் சொல்லவில்லை.