ஏரிக்குள் உருண்ட லாரி

ஏழு வயதில் நான் ஒரு லாரியைக் காப்பாற்றியிருக்கிறேன். அம்மாவும் கூட இருந்தாள் என்பதை அந்தக் காலத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வேன்.

ஓசூரைத் தாண்டி, மைசூர் எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடியில் பெங்களூர் சாலையை ஒட்டி எங்கள் கூரை வீடு. ஐம்பதுகளில் ஒரு பங்குனி மாதம், சுமை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி ஒன்று அச்சு முறிந்து எங்கள் வாசலில் நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் ஒரு சர்தார். தேசம் இரண்டானபோது வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டு வந்தவராம். பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிச் சொந்தமாக வாங்கிய லாரி அது. கூட வந்தவரைப் புது அச்சுக்காகப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு இவர் காவலுக்கு இருந்தார். ஊரார் சேர்ந்து லாரியை எங்கள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்தினார்கள். ஏரியைப் பார்த்துச் சரிந்த நிலம் அது. கை பிரேக்கும் பிடிக்காததால் சக்கரத்துக்கு இரண்டு கல் கொடுத்திருந்தார்கள்.

அம்மா கொடுக்கும் களியில் பாதியை, வழியில் போகிறவர் யாரையாவது கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவர் உண்பார். பேசுவது உடைந்த கன்னடம். எங்கள் வீட்டில் கன்னடம் தெரியாதவர் இல்லை. காலையில் குளித்துத் தலைப்பாகை கட்டி, பாட்டுப்போல ஏதோ முணுமுணுத்தபடி லாரியைத் துடைப்பார். அப்பாவும் தன் ஜோடி மாடுகளை அப்படித்தான் தேய்ப்பார். அந்த ஜோடியால்தான் அப்பாவுக்கு ஊரில் பெயர்.

மூன்றாம் நாள் உச்சிவேளை. அப்பா ஓசூர் போயிருந்தார். எங்கிருந்து பொறி வந்ததோ, வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. அதற்கு ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் மாட்டுக்கொட்டகை, கொட்டகையை ஒட்டி வீடு. சர்தார் லாரிப் பக்கம் ஓடுவார் என்று நினைத்தேன். அவரோ தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கோணியை முக்கி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார்.

"அண்ணா! உங்க லாரிண்ணா!" என்று அலறினாள் அம்மா.

"மாட்டுக்கு உயிர் இருக்கு அக்கா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அம்மா வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு கணம்தான் நின்றாள். பிறகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி ஓடினாள். "வாடி இங்க! அந்தக் கல்லைப் புடுங்கு!"

பூசணிக்காய் அளவு கல். இரண்டு கையாலும் இழுத்து அதோடு பின்னால் விழுந்தேன். மற்றதை அம்மா கடப்பாரையால் நெம்பினாள். லாரி முனகியது. மெல்ல அசைந்தது. பிறகு யாரும் ஓட்டாமலே சரிவில் கடகடவென்று உருண்டு ஏரிச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

கண்ணை மூடிய கோணியோடு மாடுகள் வெளியே வந்தன. சர்தாரின் தாடி ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. கையெல்லாம் கொப்புளம். ஊரார் குடம் குடமாக ஊற்றியும் கொட்டகையும் எங்கள் வீட்டுக் கூரையும் போய்விட்டன.

மாலையில் வந்த அப்பா மாடுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் ஏரியைப் பார்த்தார். "எங்களால உங்க வண்டிக்கு இப்பிடி ஆயிருச்சே" என்றார். சர்தார் கண்ணாடி உடைந்த லாரியைப் பார்த்துச் சிரித்து, "மாயா, மாயா" என்றார்.

லாரியின் பெயர் மாயா என்று நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்: "மாயாவை நாங்கதான் காப்பாத்தினோம்!" இரண்டு நாள் என் கால் தரையில் பாவவில்லை.

மாடு கட்டி இழுத்து லாரியைக் கரையேற்றினார்கள். மறுநாள் அவர் அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா சீண்டினார். "மாயைன்னு சொன்னீங்க, இப்ப என்னமோ இந்தத் தேய் தேய்க்கறீங்க?"

"தேய்க்கறது என் வேலை. என்னுதுன்னு கட்டிப் புடிச்சுக்கறதுதான் மாயை. வீடு வாசலை விட்டு ஓடுன்னு எங்க குருமார் சொல்லலை. மனசோட புடியைத்தான் விடச் சொன்னாங்க."

அப்பா மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சு வந்து, லாரி கிளம்ப இருந்த காலையில், கூரையில்லாத வீட்டுக்குள் அம்மா குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய தகரப்பெட்டி இருந்த மூலை அது. விடைபெற வந்த சர்தார் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்புளக் கையாலேயே துழாவினார். வெகுநேரம் கழித்து ஒரு கொலுசு கிடைத்தது. கறுத்துப்போன, மிகச் சின்னக் கொலுசு.

"எனக்குப் போட்டு விடும்மா" என்று காலை நீட்டினேன். என் குதிகாலில்கூட அது ஏறாது. யாரும் சிரிக்கவில்லை. சர்தார் அதைத் தன் துண்டால் துடைத்து, இரண்டு கையிலும் ஏந்தி அம்மாவிடம் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. லாரியைப் பார்த்துச் சிரித்தவர் அதைப் பார்த்து மாயை என்று சொல்லவில்லை.

எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்து மூன்று வயதில் போய்விட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்று அம்மா எந்தப் பக்கம் ஓடினாள் என்பதைத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எதை விட்டுவிட்டு ஓடினாள் என்பது எனக்கு விளங்கவில்லை.